தேயிலைக்குப் பண்டமாற்றான தடை: சுற்றாடல் அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

கூரைச் சீற்றுக்குச் சிமெந்தோடு சேர்க்கும் நார்க்கனிமமான அஸ்பெஸ்டஸின் இறக்குமதிக்கு 2018 ஜனவரி முதல் தடை என்று அன்றைய இலங்கை அரசாங்கம் சொல்லியிருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததென்று ரஷ்யா நமது தேயிலையை நிறுத்தியது. சில நாட்களுக்குள் அஸ்பெஸ்டஸ் தடை தள்ளிவைக்கப்பட்டது. தேயிலைக்கும் வழி திறந்தது. நமக்கு வெள்ளை ரக அஸ்பெஸ்டஸைப் பெருமளவில் விற்கும் நாடும் ரஷ்யாதான். மலையகப் பெண்கள் கிள்ளிய கொழுந்தை வைத்து இப்படியும் ஒரு பேரம்!

வெள்ளை ரகம் ஆபத்தில்லை, சிமெந்துக்குள் இறுகிக் கிடக்கிறது என்கிறார்கள் விற்பவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா ரகத்தையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவதாகவே வகைப்படுத்தியிருக்கிறது. இறுகிக் கிடக்கிறது என்பதும் கூரையில் அசையாமல் இருக்கும் வரைதான். சீற்றை நிலத்தில் போட்டு, ஒரு காலால் மிதித்துக்கொண்டு, மேசன் கிரைண்டர் வைத்து வெட்டும்போது போய்ப் பாருங்கள். வெண்புகை எழும், புருவமும் மீசையும் நரைக்கும். மூக்கை மறைப்பது ஒரு கைக்குட்டை. மாலையில் அந்தச் சட்டையை உதறித் துவைப்பவர் மனைவி.

அந்தத் தூசியிலுள்ள நீண்ட நார் நுரையீரலின் அடிவரை போய்க் குத்தி நிற்கும். துப்புரவு செய்யவரும் வெள்ளணுவைவிட அது நீளமானது. விழுங்க முடியாது, எளிதில் கரையவும் கரையாது. அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்து உயிரணுக்களின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. நுரையீரல் உறையில் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் தலைகாட்ட 20, 40 ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் எத்தனை அமைச்சர்கள் வந்துபோயிருப்பார்கள்! புகைக்கும் பழக்கமும் இருந்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான ஆபத்து கூட்டலாக அல்ல, ஏறத்தாழப் பெருக்கலாக ஏறுகிறது. பீடி குடிக்காத மேசனை நான் அதிகம் கண்டதில்லை.

தடைக்கு ஒரு திகதியை வர்த்தமானியில் அறிவியுங்கள். ஓட்டுக்கும் தகரத்துக்கும் வரியைக் குறைத்தால் ஏழைகள் இந்தச் சீற்றைத் தேடமாட்டார்கள். அதுவரை, கிரைண்டர் வேண்டாம், நனைத்துக் கைவாளால் வெட்டுங்கள் என்று ஒவ்வொரு சீற்றிலும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட வையுங்கள். சுகாதார அமைச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: நுரையீரல் புற்றுநோயோடு வருகிறவரின் தொழிலைக் 'கூலி' என்று எழுதி முடிக்காமல், இருபது முப்பது வருடம் முன்பு எதை வெட்டினார், எதை உடைத்தார் என்று கேட்டுப் பதியட்டும்.

இப்படிக்கு,
கட்டட வேலை மேற்பார்வையாளர் ஒருவர்