இரண்டு சீட்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

மூட்டுவாதத்துக்கு ஒரு மருத்துவர், இதயத்துக்கு இன்னொருவர் என்று போய்வருகிறவர் கையில் இரண்டு மருந்துச் சீட்டு இருக்கும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரி. சேர்த்துப் படித்தால்தான் சிக்கல் தெரியும். அப்படிப் படித்துச் சொன்னவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் மருந்தாளுநர்களுக்கு. வலி மாத்திரையான ஐபுபுரூஃபென் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடாமல், "வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள்?" என்று கேட்கிறீர்களே, அந்தக் கேள்வி பலருடைய சிறுநீரகத்தைக் காக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரிலோ லோசார்டானோ, கூடவே நீர் பிரிய ஃபுரோசமைடு, அதன்மேல் ஐபுபுரூஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ போட்டால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தின் வடிகட்டும் வேலையைக் குலைத்துவிடும். வாந்தி, பேதியால் உடம்பு வற்றிய நாளில் இன்னும் ஆபத்து. இந்த வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பிலேயே தேக்கவும் செய்யும். இதயம் பலவீனமானவருக்குக் கால் வீங்கி மூச்சு வாங்க அதுவே போதும்.

ஆஸ்பிரின் கணக்கையும் பொறுமையாக விளக்கினீர்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவில் ஆஸ்பிரின் ஒட்டவேண்டிய இடத்தில் ஐபுபுரூஃபென் முந்திக்கொண்டு உட்கார்ந்தால், ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினின் பலன் கெட்டுப்போகும். எப்போதாவது இரண்டும் தேவை என்று மருத்துவர் சொன்னால், சாதாரண ஆஸ்பிரின் போட்டுக் குறைந்தது 30 நிமிடம் கழித்து ஐபுபுரூஃபென். ஐபுபுரூஃபெனை முன்னால் போடுவதென்றால் 8 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டும். குடலில் கரையும்படி பூச்சு போட்ட ஆஸ்பிரினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் அட்டையின் பின்பக்கம் கிழமையை மார்க்கரால் பெரிதாக எழுதித்தரும் செவிலியர்களே, உங்களை மறக்க முடியாது. அது வாரத்துக்கு ஒரே நாள் போடும் மருந்து. இதய மாத்திரைகளோ தினசரி. ஏழு அறை டப்பாவில் மாத்திரைகளை நிரப்பும்போது மெத்தோட்ரெக்சேட்டும் ஏழு அறையிலும் விழுந்துவிட்டால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் சரியும், உயிருக்கே ஆபத்து. கூடவே தரும் போலிக் ஆசிட் என்ற வைட்டமினும் அதுவும் சிறிய மஞ்சள் மாத்திரைகளாகவே வருவதுண்டு. அதனால் இதை டப்பாவில் சேர்க்காமல் தனி உறையில் வையுங்கள் என்றீர்கள். எந்தத் தொற்றுக்குப் போனாலும் "மெத்தோட்ரெக்சேட் போடுகிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லவும் பழக்கினீர்கள். டிரைமெத்தோபிரிம் கலந்த ஆன்டிபயாடிக் அதனுடன் சேரவே கூடாது.

வறட்டு இருமலுக்காக ஒருவரை ஒருவர் போனில் அழைத்துப் பேசிய மருத்துவர்களுக்குத் தனி நன்றி. ராமிப்ரிலாலும் வறட்டு இருமல் வரும், மெத்தோட்ரெக்சேட்டாலும் வரும். முன்னது தொல்லை, மாத்திரையை மாற்றினால் சில வாரங்களில் அடங்கிவிடும். பின்னது நுரையீரல் அழற்சியின் தொடக்கமாக இருக்கலாம். காய்ச்சலோ மூச்சிரைப்போ கூட வந்தால் அடுத்த தவணை மெத்தோட்ரெக்சேட்டைப் போடாமல் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்கவேண்டும். இந்த இருமல் எந்தச் சீட்டிலிருந்து வந்தது என்று நோயாளியால் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் இருவரும் பேசினால்தான் விடை வரும். பேசினீர்கள்.

பிசியோதெரபிஸ்டுகளே, விரலால் அழுத்திப் பார்த்தே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்தீர்கள். வீங்கிச் சூடான மூட்டில் வலி, காலையில் விறைப்பு என்றால் மூட்டுவாதம் என்று எண்ணலாம். இரண்டு தொடையிலும் ஒரேபோல் சதை வலித்து, மாடிப்படி ஏறக் கால் வராவிட்டால், கொழுப்புக்குப் போடும் ஸ்டேட்டின் மாத்திரையைச் சந்தேகிக்கவேண்டும். சிறுநீர் கறுத்துப் போனால் காத்திருக்கவே கூடாது. அதற்காக ஸ்டேட்டினைத் தாமாக நிறுத்திவிடாமல், ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினீர்கள்.

மூட்டு வீக்கத்துக்குப் போடும் ஸ்டீராய்டு விஷயத்திலும் அதேதான், தாமாக நிறுத்தக்கூடாது. வாரக்கணக்கில் போட்டதைத் திடீரென்று விட்டால் உடம்பு சரிந்துவிடும், படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும் என்று எல்லோருமே சலிக்காமல் சொன்னீர்கள்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு. மடங்காத விரலால் அட்டையின் தகட்டைக் கிழிக்க முடியாதபோது மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்தீர்கள். ரத்த அழுத்த மாத்திரையால் தலைசுற்றி விழாமலிருக்க, கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்காரவைத்துப் பிறகு எழுப்பினீர்கள். மலம் தார்போலக் கறுத்திருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேட்டீர்கள். ஆஸ்பிரினும் ஸ்டீராய்டும் சேரும் வயிற்றில் ரத்தக்கசிவுக்கு அதுவே அடையாளம். காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், அதே எடைக்கருவியில் நிற்கவைத்து எடையை நோட்டில் குறித்தீர்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். உடனே மருத்துவரைக் கூப்பிடவேண்டும். அந்த நோட்டைத்தான் இப்போது இரண்டு மருத்துவர்களிடமும் கொண்டுபோகிறோம்.

இப்படிக்கு,
மூட்டு மாத்திரையும் இதய மாத்திரையும் சேர்ந்தே போடுகிறவர்கள்