வரைபடத்தில் தெரிகிற கார் வீட்டுக்கு வராது

ஆசிரியருக்கு,

கார்க் களவு பற்றிக் கடந்த இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். ‘எயர்டாக் (இருக்கும் இடத்தைப் போனுக்குக் காட்டும் சின்னக் கருவி) ஒன்றை ஒளித்து வையுங்கள், கார் எங்கே போனாலும் மீட்டுவிடலாம்’ என்று எழுதியிருந்தது. நாங்களும் அப்படித்தான் வைத்திருந்தோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன பனிக்காலத்தில் ஒரு விடியற்காலை, டிரைவ்வேயில் நின்ற எங்கள் ஹைலாண்டரைக் காணவில்லை. பனியில் டயர்த் தடம் மட்டும் இருந்தது. திறப்பு இரண்டும் வீட்டுக்குள் கொளுக்கியில் தொங்குகின்றன. பொலிசுக்கு எடுத்தால், “வின் நம்பர் என்ன?” என்றார்கள். ஒவ்வொரு காருக்கும் உரிய அடையாள இலக்கம் அது. ஓனர்ஷிப், பிங்க் சிலிப் என்கிற காப்புறுதி அட்டை எல்லாம் காருக்குள்ளேயே போய்விட்டன! மகள் காப்புறுதிக்காரரின் பழைய மின்னஞ்சலைக் கிளறி எடுத்துத் தர ஒரு மணித்தியாலம் ஆனது. இதை வாசிப்பவர்கள் இப்போதே எழுந்துபோய் அந்த இலக்கத்தைப் படம் எடுத்து வைத்தால் நல்லது. எழுத்தும் எண்ணுமாக 17. அது பொலிசின் கணினியில் ஏறினால்தான் அந்நிய துறைமுகத்தில் நிற்கும் கார் களவுக் கார் என்று யாருக்கும் தெரியவரும். 2024 பெப்ரவரியில் கனடாவின் களவு வாகனப் பட்டியலை, சர்வதேசப் பொலிஸ் அமைப்பான இன்டர்போலின் தரவுத்தளத்தோடு இணைத்தார்கள். மே மாதத்துக்குள் 1,500க்கும் மேற்பட்ட கனடியக் களவுக் கார்கள் உலகெங்கும் இனங்காணப்பட்டன.

எங்கள் எயர்டாக் மூன்றாம் நாள் மொன்றியல் துறைமுகத்தைக் காட்டியது. ‘அது கியூபெக், வேறு மாகாணம், எந்தக் கொள்கலன் என்று தெரியாமல் திறக்க முடியாது’ என்றார்கள் பொலிசார். அங்கேயே பிடிபட்டிருந்தால் கதை சின்னது. குற்றவியல் சட்டப்படி வண்டியைப் படம் பிடித்துச் சாட்சியாக வைத்துக்கொண்டு, வழக்கு முடியுமுன்பே உரியவரிடம் கொடுத்துவிடலாம். 2024 ஏப்ரலில் பொலிசார் அறிவித்த ‘வெக்டர்’ நடவடிக்கையில் அதே துறைமுகத்தில் 598 வாகனங்களைப் பிடித்தார்கள், பெரும்பாலானவை ஒன்ராறியோவிலிருந்து போனவை. எங்களுடையதற்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மூன்று மாதம் பேச்சு மூச்சில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் டுபாயில் புள்ளி முளைத்தது.

கடல் தாண்டியதும் சட்டம் முழுக்க மாறிவிடுகிறது. இன்டர்போலில் களவுக் கார் என்று அடிபட்டால் மட்டும் கார் பறிமுதலாகாது. அந்த நாட்டுப் பொலிஸ் தங்கள் சட்டப்படி அதைப் பிடிக்கவேண்டும், ஒட்டாவாவுக்கு அறிவிக்கவேண்டும், இங்கே முறைப்பாடு எழுதிய பொலிஸ் அது நம்முடையதுதான் என்று உறுதிசெய்யவேண்டும். நீதிமன்ற உத்தரவு தேவையென்றால் நீதி அமைச்சு வழியாகப் பரஸ்பர சட்ட உதவி, அதாவது ஒரு அரசு இன்னொரு அரசிடம் கேட்கும் சட்ட உதவி, கேட்கவேண்டும். நாடுகடந்த குற்றங்களுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் 14ஆவது உறுப்பில், பறிமுதல் செய்ததை உரியவருக்குத் திருப்பித் தருவதற்கு இடம் இருக்கிறது. ஆனால் கேட்கவேண்டியது அரசு. நானோ நீங்களோ டுபாய்க்குக் கடிதம் எழுதி ஒன்றும் ஆகாது. நேரே போய் வாங்கியவரிடம் பேசலாம் என்று என் மருமகன் நின்றார். நான் விடவில்லை. விலை கொடுத்து வாங்கிய மூன்றாமவர் நல்லெண்ணத்தில் வாங்கினேன் என்றால் சில நாடுகளில் அவர் பக்கமும் சட்டம் கொஞ்சம் சாயும். அதோடு, களவெடுத்தவனின் கூட்டாளி யார், வாங்கியவர் யார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

இதைவிட முக்கியமாக, அந்த நேரம் கார் எங்களுடையதே அல்ல. காப்புறுதிப் பணம் வாங்கும்போது போட்ட கையெழுத்தோடு உரிமை காப்புறுதி நிறுவனத்துக்குப் போய்விட்டது. குத்தகைக் கார் என்றால் முதலிலிருந்தே நம்முடையதில்லை. கப்பல் கூலி, களஞ்சிய வாடகை, சுங்கம் எல்லாம் கூட்டிப் பார்த்து, கொண்டுவருவதா அங்கேயே விற்பதா என்று முடிவெடுப்பதும் அவர்கள்தான். அதைப் பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்ராறியோவில் களவுக்கான காப்பு கட்டாயமில்லை. மாதம் சில டொலர் மிச்சம் பிடிக்க அதைச் சேர்க்காமல் விட்ட எத்தனை பேர் எங்கள் சனத்தில் இருக்கிறார்கள்! அவர்களுக்குக் காரும் இல்லை, காசும் இல்லை, கடல் தாண்டி வழக்காட வழியும் இல்லை.

இத்தாலியின் ஜோயியா தௌரோ துறைமுகத்தில் 251 கனடியக் கார்கள் அகப்பட்ட செய்தியைப் பார்த்தபோது எனக்கு ஒரே கேள்விதான். அந்த 251 வீட்டுக்காரருக்கும் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்களா? வெளிநாட்டில் வண்டி அகப்பட்டால் பழைய உரிமையாளருக்கு அறிவிக்கவேண்டும் என்று ஒரு விதியாவது போட எங்கள் எம்.பி.மார் கேட்கலாம். அதற்குப் பெரிய செலவில்லை.

எங்கள் காரின் டிக்கியில் அம்மாவின் கருங்காலிக் கைத்தடி கிடந்தது, ஊரிலிருந்து கொண்டுவந்தது. கார் அகப்பட்டால் அதையாவது எடுத்துத் தருவீர்களா என்று காப்புறுதிக்காரரிடம் கேட்டேன். “நோட் பண்ணி வைக்கிறேன், அக்கா” என்றார்.

வாசகி,
ஒன்ராறியோ