அந்த ஆண்டைத் திரும்பப் பெறுங்கள்: திருகோணமலைப் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போதகர் ஐயாமாருக்கு ஸ்தோத்திரம்.

அண்மைய கன்வென்ஷன் கூட்டத்தில் வெள்ளைப்பலகையில் போட்ட கணக்கு உங்கள் எல்லோருக்கும் தெரியும். தானியேல் எட்டாம் அதிகாரத்து 2300 இராப்பகலை வருஷங்களாக்கி, கடைசியில் கர்த்தர் வரும் ஆண்டு இதுதான் என்று ஓர் ஆண்டை எழுதி வட்டமும் போட்டார்கள். அந்த ஆண்டை நான் இங்கே எழுதமாட்டேன், பரவினது போதும். அதை அதே மேடையில் நின்று திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

சாம்பல்தீவுப் பக்கம் நம் விசுவாசி ஒருவர், "இனி எவ்வளவு காலம்" என்று வள்ளத்து எஞ்சினை வந்த விலைக்கு விற்று, பாதிக் காசைக் காணிக்கையாகப் போட்டுவிட்டார். சுனாமியில் எல்லாம் போய், ஒவ்வொன்றாய்த் திரும்பச் சேர்த்த குடும்பம் அது. இப்போது இன்னொருவர் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். அவருடைய வள்ளம் கரையில் கிடக்கிறது. பின்பலகையில் எஞ்சின் பூட்டியிருந்த இடம் மட்டும் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது. "பாஸ்டர்மார் பிழையாய்ச் சொல்லுவினமோ தம்பி?" என்று அவர் மனைவி கேட்டார். பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

நாளுக்கு ஒரு வருஷம் என்பது எண்ணாகமம் 14:34இலும் எசேக்கியேல் 4:6இலும் இருக்கிறது, சரி. அந்த இரண்டு இடத்திலும் கர்த்தரே அப்படிச் சொல்கிறார். தானியேல் எட்டில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. நினிவேக்கு யோனா சொன்ன 40 நாளை யாரும் 40 வருஷமாக்குவதில்லையே. வெளிப்படுத்தல் 12இன் 1260 நாளை மூன்றரை வருஷமாகவே எடுப்பவர்கள் உண்டு, 1260 வருஷம் என்பவர்கள் உண்டு, சபையின் உபத்திரவ காலத்துக்கு அடையாளம் என்பவர்களும் உண்டு. அந்த 2300ஐ அந்தியோகு எப்பிபானஸ் என்ற ராஜா எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய நாட்களோடு சேர்த்து வாசிப்பவர்களும் விசுவாசிகள்தான். இதில் ஒன்றையாவது அந்த மேடையில் சொன்னீர்களா?

வில்லியம் மில்லர் என்ற அமெரிக்கப் பிரசங்கியாரும் இதே 2300ஐத்தான் கி.மு. 457இலிருந்து எண்ணினார். அமெரிக்காவில் கர்த்தர் வருவார் என்று 1844 அக்டோபர் 22க்காகக் காத்திருந்தவர்களில் சிலர் வயலில் விளைந்ததைக்கூட அறுக்கவில்லை. மறுநாளும் விடிந்தது. வேதாகமக் கல்லூரியில் படித்த உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. அப்படியென்றால் சனங்களுக்கு ஏன் மறைக்கிறீர்கள்?

யுத்தத்திலும், சுனாமியிலும், 2022இல் பெற்றோல் வரிசையில் காய்ந்தபோதும், இதுதான் கடைசி எக்காளம் என்று சொல்ல யாராவது வந்தார்கள். பயந்த சனம் கையில் இருந்ததைக் கொடுத்தது. பிறகு ஒருவரும் வந்து பொறுப்பேற்கவில்லை. இந்த ஊர் பட்டது போதாதா, ஐயா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தாழ்மையாகவே கேட்கிறேன். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர்தான் அறிவார் என்கிற மாற்கு 13:32ஐ வருகிற ஞாயிறு ஆராதனையில் வாசித்து, அந்த ஆண்டு மனிதர் போட்ட கணக்கு, வேதவாக்கு அல்ல என்று வாய்திறந்து சொல்லுங்கள். அந்தக் காணிக்கையையும் எஞ்சினை விற்ற அந்த விசுவாசியின் கையில் திருப்பிக் கொடுங்கள். வாடைக்கு முன் அவர் ஓர் எஞ்சின் வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சபை விசுவாசி ஒருவன்,
திருகோணமலை.