வகுப்புக்கு ஒரு டீச்சர் போடுங்க, நாங்களே கொண்டு வந்து சேர்க்கிறோம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் ராசிபுரம் பக்கம் ஒரு கிராமத்துல இருக்கேன், முட்டை லோடு வண்டி ஓட்டுறேன். வருஷா வருஷம் அட்மிஷன் நேரம் வந்தா போதும், அரசுப் பள்ளியில சேர்ப்போம்னு பிள்ளைங்க கையில தட்டியக் குடுத்து ஊர்வலம் விடுறாங்க, பேப்பர்லயும் போட்டோ வருது. கூடவே பெத்தவங்களுக்கு இங்கிலீஷ் மோகம், பந்தாவுக்குத்தான் பிரைவேட்டுக்கு அனுப்புறாங்கன்னும் எழுதுறாங்க. அதைப் படிக்கும்போதெல்லாம் மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு, அதான் இந்தக் கடிதம்.

என் பொண்ணு பிரைவேட்ல அஞ்சாவது முடிச்சிருக்கா. ஆறாவதுக்கு கவர்மென்ட் ஹைஸ்கூல்ல சேர்க்கப் போறோம், அதுல எனக்கும் வீட்டுக்காரிக்கும் ரெண்டு பேச்சே இல்ல. ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மென்ட் பள்ளிக்கூடத்துல படிச்சாத்தான் மெடிக்கல்ல அந்த 7.5 சதவீத இடஒதுக்கீடு, 2020ல கொண்டு வந்தது, அப்புறம் காலேஜ் போனா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபாய், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன். பாடத்துக்கு ஒரு டீச்சரும் இருக்காங்க.

சிக்கல் என் சின்னப் பையன் விஷயத்துலதான். அவனுக்கு அஞ்சு வயசாச்சு, ஒண்ணாவது சேர்க்கணும். எல்கேஜி யூகேஜி பிரைவேட்லதான் படிச்சான், ஏன்னா 2019ல 2381 அங்கன்வாடியில எல்கேஜி ஆரம்பிச்சது நடுநிலைப் பள்ளி வளாகத்துல மட்டும்தான், எங்க ஊர்ல இருக்கறது தொடக்கப்பள்ளி. கல்வி உரிமைச் சட்டப்படி பிரைவேட்ல இலவச சீட்டு குடுக்கற ஆர்டிஇ குலுக்கல்ல போட்டுப் பாத்தேன், விழல. ஃபீஸ் வேன் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு நாப்பத்தஞ்சாயிரம் ஆச்சு, வேன் காலைல ஏழேகாலுக்கே வந்துரும், பாதி நாள் ஒரு டம்ளர் பாலோட ஏறிருவான். ஊர்ப் பள்ளிக்கூடத்துல காலைலயே சுடச்சுட பொங்கலோ உப்புமாவோ போடுறாங்க, வீட்ல இருந்து நடந்தே போயிரலாம்.

சரி இங்கயே சேர்த்துரலாம்னு போன மாசம் பள்ளிக்கூடம் போய்ப் பாத்தேன். இருபத்தேழு பிள்ளைங்க, அஞ்சு வகுப்பு, ரெண்டு டீச்சர். ஒரே ரூம்ல மூணு வகுப்பு, கரும்பலகைல நடுவுல சாக்பீஸால ஒரு கோடு, இந்தப் பக்கம் நாலாவதுக்கு பின்னக் கணக்கு, அந்தப் பக்கம் அஞ்சாவதுக்கு தமிழ், மூணாவது பசங்க தரையில உக்காந்து தானா எழுதிட்டு இருந்தாங்க. அந்த டீச்சரம்மா தொண்டை கட்டிப்போய் பேசினாங்க, பாக்கவே பாவமா இருந்துச்சு, அவங்கள ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். பக்கத்து ரூம்ல ஹெச்எம் ஒண்ணு ரெண்டு வகுப்ப வச்சுக்கிட்டு செல்போன்ல எமிஸ்னு கல்வித்துறை ஆன்லைன் பதிவுல அட்டெண்டன்ஸ் ஏத்திட்டு இருந்தாரு. அவருக்கு மீட்டிங், இல்ல லீவுன்னா அஞ்சு வகுப்பும் அந்தம்மா தலைலதான்.

ஏன் சார் ரெண்டே பேருன்னு கேட்டேன், சட்டமே அப்படித்தான்னாரு. கல்வி உரிமைச் சட்டத்துல தொடக்கப்பள்ளிக்கு அறுபது பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு டீச்சர், அறுபத்தொண்ணு ஆனாத்தான் மூணாவது ஆள். முப்பது பிள்ளைக்கு ஒருத்தர்னு கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த முப்பதும் ஒரே வகுப்பா இருந்தாத்தானே சரி? டீச்சர் இல்லன்னு பிள்ளைங்க போகுது, பிள்ளைங்க இல்லன்னு டீச்சர் வரல, இதுல யாரு முதல்ல எறங்கி வர்றது? கூலி வேலை பாக்கறவன் கடன வாங்கி பிரைவேட்டுக்கு கட்டுறான்னா வகுப்புக்கு ஒரு மிஸ் இருக்காங்க, என் பிள்ளை நோட்ட தினம் ஒருத்தர் பாக்குறாங்கங்கற ஒரே நம்பிக்கைதான். அங்க சொல்லிக் குடுக்கறவங்க எல்லாரும் பெரிய படிப்பு படிச்சவங்களும் இல்ல, கவர்மென்ட் டீச்சருங்கள்லதான் பல பேரு தகுதித் தேர்வெல்லாம் எழுதி வந்தவங்க, அது எங்களுக்கும் தெரியும்.

இன்னொண்ணு, இந்த 7.5, ஆயிரம் ரூபாய் எல்லாமே ஆறாவதுல இருந்துதான் கணக்கு. ஆனா எங்கள மாதிரி ஆளுங்க முடிவெடுக்கறது பிள்ளைக்கு மூணு நாலு வயசுல. அப்ப மஞ்ச வேன்ல ஏத்துன பிள்ளைய நடுவுல எறக்க யாருக்கும் மனசு வராது.

அதனால கல்வித்துறைக்கு உங்க பேப்பர் மூலமா ஒரே கோரிக்கை, எத்தனை பிள்ளைங்க இருந்தாலும் தொடக்கப்பள்ளிக்கு வகுப்புக்கு ஒரு டீச்சர் போடுங்க, உடனே முடியலன்னா எங்க ஊருக்கு இந்த ஜூனுக்குள்ள மூணாவதா ஒருத்தராவது அனுப்புங்க. எங்க தெருவுல மட்டும் ஒண்ணாவது சேர்க்க வேண்டிய பிள்ளைங்க நாலு பேர் இருக்காங்க, பேசிப் பாத்துட்டேன், டீச்சர் வந்தா சேர்க்கறோம்னு சொல்லிருக்காங்க. என் பையனோட சேர்த்து அஞ்சு.

இப்படிக்கு,
ஒரு அப்பா,
நாமக்கல் மாவட்டம்.