உறுமி மேளத்தோடு பேங்காக் போகிறோம்: இன்னும் 7,450 வெள்ளி வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். வருகிற ஏப்ரல் 30-க்குள் ரயில் டிக்கெட்டுக்கும் தங்கும் அறைகளுக்கும் முழுப் பணத்தையும் கட்டியாக வேண்டும். மொத்தத் தேவை 18,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). கையில் இருப்பது 11,050. மீதி 7,450 வெள்ளிக்கு வழி தெரியாமல்தான் உங்கள் முன் வந்து நிற்கிறோம்.

ஜூன் மாதத்தை ஒட்டி ஆண்டுதோறும் பேங்காக்கில் நடக்கும் வானவில் பேரணிக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து 22 பேர் போகிறோம். ஒன்பது திருநங்கைகள், தன்பாலீர்ப்புள்ள நம் வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேர், அவர்களைப் பெற்ற தாய்மார் மூவர், உறுமி மேளம் வாசிக்கும் தம்பிகள் ஆறு பேர். வேடிக்கை பார்க்கப் போகவில்லை. ஊர்வலத்தில் நடக்க, நம் மேளத்தை அடித்துக்கொண்டு நடக்கப் போகிறோம்.

இங்கேயே செய்யக்கூடாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். கோலாலம்பூரில் 2008-இல் 'செக்சுவாலிட்டி மெர்டேக்கா' என்ற விழா தொடங்கியது. 2011-இல் போலீஸ் தடை போட்டது. அதோடு சரி. தன்பாலுறவுக்கு 377பி சட்டப்பிரிவில் 20 ஆண்டு வரை சிறை என்று எழுதியிருக்கும் நாட்டில் தெருவில் இறங்கி மேளம் அடிக்க நாங்கள் யாரையும் கூப்பிட மாட்டோம். ஜொகூர் சொந்தக்காரர்கள் சிலர், பக்கத்தில்தானே சிங்கப்பூர், அங்கே ஹோங் லிம் பூங்காவில் 'பிங்க் டாட்' என்று இதே மாதிரி ஒரு கூட்டம் நடக்கிறதே என்றார்கள். 2009-இலிருந்து நடப்பது உண்மைதான். ஆனால் 2017-இலிருந்து குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும்தான் உள்ளே போக முடியும். பூங்காவைச் சுற்றித் தடுப்பு வைத்து அடையாள அட்டையைப் பார்த்துத்தான் விடுகிறார்கள். சென்னையில் ஜூன் மாதம் நடக்கும் பேரணிக்குப் போக எல்லோருக்கும் ஆசை. 22 பேருக்கு விமான டிக்கெட் போட நம்மால் முடியுமா? தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசாரிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் மறுநாள் பேங்காக். அதனால்தான் பேங்காக்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைச் சொன்னபோது எங்கள் குழுவின் மூத்த அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். பேங்காக்கில் சீலோம் சாலையில் ஒரு மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1879-இல் தமிழர்கள் கட்டியது. இன்றைக்கு அங்கே மல்லிகை மாலையோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். பேங்காக்கில் இப்போது நடக்கும் இந்தப் பேரணி முதன்முதலில் 2022 ஜூன் 5-ஆம் தேதி புறப்பட்டது அந்த அம்மன் வாசலிலிருந்துதான். புதிதாக ஆளுநர் பதவிக்கு வந்திருந்த சாட்சார்ட் சித்திபன்ட்டும் அன்றைக்கு அங்கே வந்திருந்தார். பிறகு கூட்டம் பெருகியதால் பாதையை மாற்றிவிட்டார்கள். 2025-இல் தேசிய விளையாட்டரங்கப் பக்கமிருந்து ராட்சபிரசோங் சந்திப்பு வரை 200 மீட்டர் நீள வானவில் கொடியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பாதை எங்கே இருந்தால் என்ன, நம் கூட்டம் முதல் நாள் காலையில் சீலோம் மாரியம்மனுக்கு அர்ச்சனை செய்துவிட்டுத்தான் மேளத்தைத் தொடும். அர்ச்சனைச் சீட்டுக் காசு இந்தக் கணக்கில் வராது. அக்கா தன் கையிலிருந்து போடுகிறார், மற்றவர் தொடக்கூடாதாம்.

பெரியவர்கள் இந்த வேண்டுகோளில் ஊர்ப் பெருமையைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எழுதுகிறோம். நம் பாட்டன் பாட்டிகள் ரஜூலா கப்பலில் ஏறி பினாங்கில் இறங்கி, பால்மர (ரப்பர்) காட்டுக்கு நடந்து வந்தவர்கள். விடியுமுன் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) நின்று, லயத்து வீட்டில் பத்துப் பேர் படுத்து, ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு பால் வெட்டப் போனவர்கள். அவர்கள் ஊரில்தான் பின்னாளில் அமைச்சரான துன் சம்பந்தன் பிறந்தார். வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியின் காசைக் கொண்டே தோட்டம் வாங்கிக் காட்டியவர் அவர். மகாத்மா காந்தி கலாசாலையும் இந்த ஊரில்தான். 1948-இல் பிரிட்டிஷ் அரசு கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அறிவித்த அவசரகாலம் இங்கே நடந்த துப்பாக்கிச்சூட்டிலிருந்து தொடங்கியது என்பதையும் சேர்க்கச் சொன்னார்கள். அது என்ன பெருமை என்று எங்களைக் கேட்காதீர்கள்.

இந்தப் பெருமையில் சிலர் பெயரை மட்டும் நாம் சொல்வதே இல்லை. தீமிதிக்கு அம்மனுக்குச் சேலை கட்டிய கை யாருடையது? கரகம் எடுத்து மூன்று மைல் ஆடி வந்தது யார்? கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்குத் தலை பின்னிப் பூ வைத்தது, துக்க வீட்டில் விடிய விடிய ஒப்பாரி சொன்னது யார்? எங்களோடு வரும் மூத்த அக்காவுக்கு வயது 67. பதின்மூன்று வயதில் பால் வெட்டப் போனவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு காய் பொறுக்கினார். நாற்பது வருடமாக இந்த வட்டாரத்தில் அவர் அலங்காரம் செய்யாத அம்மன் சிலை இல்லை. அவருக்கு இதுவரை பாஸ்போர்ட் இருந்ததில்லை. மூத்த குடிமகன் கட்டணம் 100 வெள்ளி என்று முகப்பில் சொன்னதும், "வயசானதுல ஒரு லாபம்" என்று சிரித்தார்.

சென்ற ஆண்டு ஐந்து பேர் மட்டும் போய் வந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரி 23-ஆம் தேதிதான் தாய்லாந்தில் ஒரே பாலினத்தவர் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. தென்கிழக்காசியாவில் அதுதான் முதல் நாடு. அதனால் கல்யாண உடையிலேயே நிறைய ஜோடிகள் நடந்தார்களாம். பாட்டிமார் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கை தட்டினார்களாம். நம் ஐவரும் வெறுங்கையோடு நடந்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள் பாட்டோடு, தாய்லாந்துக்காரர்கள் நீள முரசோடு. "நம்ம கிட்ட உறுமி இருக்கே, நாம ஏன் சும்மா நடந்தோம்?" என்று திரும்பி வந்த அன்றே கேட்டார்கள். இந்தப் பயணம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

போன ஞாயிறு ஒத்திகை பார்த்தோம். மழைக்காலத்தில் தோல் தொய்ந்துபோய், அடித்தால் வெறும் பலகைச் சத்தம்தான் வந்தது. தம்பிகள் பழைய செய்தித்தாளைக் கொளுத்தி, மேளத்தைச் சாய்த்துப் பிடித்து, சுற்றிச் சுற்றிக் காய்ச்சினார்கள். பிறகு ஒருவன் வளைகுச்சியில் விளக்கெண்ணெய் தடவி இடப்பக்கத் தோலில் ஒரு இழுப்பு இழுத்தான். பக்கத்து வீட்டு நாய் எழுந்து ஓடியது. அந்தச் சத்தம் பேங்காக் சாலையில் கேட்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

இனி கணக்கு. சுங்கை சிப்புட்டிலிருந்து பாடாங் பெசார் போய்வர இரண்டு வேன், 2,800 வெள்ளி. ரயிலில் படுக்கை டிக்கெட் ஆளுக்குப் போகவர 270, ஆக 5,940. பாடாங் பெசாரில் ஏறும் பெட்டிகள் குறைவு. பிந்தினால் உட்கார்ந்துகொண்டுதான் போக வேண்டும், 67 வயது அக்காவை அப்படிக் கூட்டிப்போக முடியாது. தங்குவதற்கு எட்டு அறை, இரண்டு இரவு, 2,560. சாப்பாடு ஆளுக்கு 150 வீதம் 3,300. புது பாஸ்போர்ட் ஏழு பேருக்கு 200 வீதமும், அறுபது தாண்டிய இருவருக்கு 100 வீதமும், 1,600. மேளத்துக்குத் தோல் மாற்ற, தம்பிகளுக்கு வேட்டி சட்டை, 1,100. மருத்துவக் காப்புறுதி, அவசரக் கையிருப்பு, 1,200. கூட்டிப் பாருங்கள், 18,500 வரும். சாப்பாட்டுக்கு 150 அதிகம் என்று ஒருவர் சொன்னார். ரயிலையும் சேர்த்து நான்கு நாள் ஐயா, சிறுவர்கள் மேளம் அடித்துவிட்டுப் பசியோடு வருவார்கள்.

பயணத்துக்கு வருகிறவர்களில் சம்பளம் வாங்கும் 16 பேரும் ஆளுக்கு 300 வெள்ளி போட்டுவிட்டார்கள். அது 4,800. மீதி 6,250 வெள்ளியும் நன்கொடை.

அந்த 6,250 வெள்ளியைக் கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள், காரணம் உங்களுக்கே தெரியும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அப்பம் சுடும் அக்கா மூன்று வாரமாகச் சனிக்கிழமை வியாபாரத்தில் பாதியைத் தருகிறார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் 1,000 வெள்ளியை உறையில் வைத்துக் கொடுத்தார், உறை மேல் 'மொய்' என்று எழுதியிருந்தது. லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் மகனோடு எட்டு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர். அந்த மகன் எங்கள் கூட்டத்தில் இல்லை, கோலாலம்பூரில் எங்கோ வேலை. "அவனுக்குப் பதிலா யாராவது போகட்டும்" என்று 300 கொடுத்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். தாமானில் (குடியிருப்பில்) தனியாக இருக்கும் பாட்டி மைலோ டின்னில் சேர்த்த சில்லறையை அப்படியே கொண்டுவந்து கொட்டினார். எண்ணினோம், 86 வெள்ளி 40 காசு. அதில் ஐந்து காசுகள் மட்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்திருந்தன, "இது கோயில் காசு, எடுக்காதீங்க" என்றார். எடுக்கவில்லை. முடி திருத்தும் கடைத் தம்பி, தையல் கடை அம்மா, சென்ற ஆண்டு ஐவரின் செலவையும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்ட ஈப்போ தம்பதியர், உங்கள் எல்லோர் வீட்டிலும் அம்மன் விளக்கெரியட்டும்.

இனிச் சொல்வது கொஞ்சம் உறைக்கும். கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஊரில் ஒரு நாள் உபயத்துக்கு 3,000, 4,000 வெள்ளி போடுகிற குடும்பங்கள் உண்டு. நல்லது, போடுங்கள். ஆனால் அந்த உபயத்தன்று அம்மனை அலங்கரிக்கக் கூப்பிடும் அதே அக்காவை, அன்னதானப் பந்தியில் கடைசி வரிசைக்கு அனுப்புகிறோமே, அது அம்மனுக்குத் தெரியாதா? உங்கள் மகள் கல்யாணத்தில் மணமேடைக் கோலம் அவர் போட்டது. போட்டோவில் அவர் எங்கே? குடும்பக் குழுவில் "பாவம்" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போகிறவர்கள் பத்து வெள்ளி அனுப்பினால் எங்களுக்கு அது போதும். சாமிக்கு ஆகாத காரியம் என்று சொல்கிற மாமாக்களுக்கு ஒன்று. விழுப்புரம் பக்கம் கூவாகத்தில் சித்திரை பௌர்ணமிக்குக் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ளப் போகும் ஆயிரக்கணக்கான திருநங்கைகள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள்? பாதி உடம்பை உமைக்குக் கொடுத்தவரைத் தானே நாமும் கும்பிடுகிறோம்? இதற்கு மேல் வாக்குவாதம் வேண்டாம், நேரமில்லை.

பாதுகாப்பு பற்றிச் சில பெற்றோர் கேட்டிருந்தார்கள். ஊர்வலத்தில் எடுக்கும் படங்களில் சம்மதம் சொன்னவர் முகம் மட்டுமே இருக்கும், அதுவும் இங்கே திரும்பிய பிறகுதான் பகிர்வோம். பயணம் போகிறவர் பெயர்ப் பட்டியல் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கிறது. பதாகையை இங்கே தைக்கவில்லை. ஆறு தாய்மார் ஆறு நிறச் சேலை கொடுத்திருக்கிறார்கள், சிவப்பு ஒருவரின் கூறைச் சேலை. ஊதாதான் கிடைக்காமல் அலைந்தோம், கடைசியில் புந்தோங்கில் ஒரு பெரியம்மாவின் பீரோவில் கிடைத்தது. மடித்த சேலைகளாகவே எல்லை தாண்டும். பேங்காக் அறையில் உட்கார்ந்து கையால் தைத்து, நடுவில் 'எங்கள் பிள்ளைகள்' என்று எழுதுவோம். திரும்பும்போது வானவில் நிறத்தில் தொப்பி, கைக்கடிகாரம், விசிறி என்று எதையும் யாரும் வாங்கி வரக்கூடாது. 2023-இல் உள்துறை அமைச்சு கடைகளுக்குள் புகுந்து 172 சுவாட்ச் கடிகாரங்களை எடுத்துப் போனது நினைவிருக்கும். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2024 நவம்பர் ஆனது. அவர்களிடம் வக்கீல் இருந்தார்கள். நம்மிடம் வேன் டிரைவர்தான் இருக்கிறார்.

வங்கிக் கணக்கு எண்ணை இங்கே போடவில்லை. குழுவில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது நிச்சயம் இருப்பார், அவரிடம் கேளுங்கள். நேரில் கொடுத்தால் உடனே சீட்டு, டூயிட்நவ்வில் அனுப்பினால் அன்று மாலைக்குள் சீட்டு. விவரத்தில் 'உறுமி மேளப் பயணம்' என்று மட்டும் எழுதவும். பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. நல்ல நிலையில் உள்ள பயணப் பை, ரயிலில் தின்ன முறுக்கு, அக்காவுக்கு ஒரு ஜோடி வசதியான காலணி (அளவு 8) இருந்தாலும் வாங்கிக்கொள்வோம். திரும்பிய இரண்டு வாரத்தில் காசு விடாமல் கணக்குக் காட்டுவோம். மிஞ்சினால் அது அடுத்த ஆண்டு பாஸ்போர்ட்டுக்கு. மிஞ்சாது என்றுதான் தோன்றுகிறது.

ஏப்ரல் 30-க்குள் பணம் சேராவிட்டால் முதலில் பயணத்திலிருந்து கழிவது தாய்மார் மூவர். அவர்களே அப்படிச் சொல்லிவிட்டார்கள். அதை நாங்கள் ஏற்கவில்லை, நீங்களும் ஏற்க மாட்டீர்கள் என்று நம்புகிறோம்.

இப்படிக்கு,
பயணக் குழுவினர்,
சுங்கை சிப்புட்

பி.கு.: அடுத்த ஒத்திகை வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு. இடம் வழக்கமானது. மேளம் காய்ச்சப் பழைய செய்தித்தாள் கொண்டுவரவும்.