குணமானவர்களுக்கு ஒரு வாடகை வீடு

ஆசிரியருக்கு வணக்கம்.

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் 30 வருஷமாகக் குடியிருக்கிறேன். தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமான பிறகு மாடியில் நான் இருந்துகொண்டு, கீழ்ப் போர்ஷனை வாடகைக்கு விட்டு வருகிறேன். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்து வீடு கேட்டார்கள். மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் தேறிய பிறகும், அழைத்துப் போக ஆளில்லாமல் பல வருஷம் அங்கேயே தங்கிவிட்ட நான்கு பெண்கள் சேர்ந்து இருப்பார்கள், உதவிக்கு ஒரு பெண் கூடவே தங்குவார் என்றார்கள். நான் உடனே சரி சொல்லவில்லை. ஒரு வாரம் தூக்கமில்லாமல் யோசித்தேன். எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லித்தானே கேட்டார்கள் என்று தோன்றியது. அதனால்தான் சம்மதித்தேன்.

குடி வந்த அன்று ராத்திரி குழம்பு கொண்டு கீழே போனேன். நான்கு பேரில் மூத்தவர் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தார். அவருக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. ஆனாலும் வரிசையில் நிற்கிற மாதிரியே நின்றார். 17 வருஷம் வார்டில் இருந்தவராம். "உட்காருங்கக்கா, நான் போடுறேன்" என்றேன். உட்காரவில்லை. கூடத்து விளக்கை அணைக்கக்கூட என்னிடம் கேட்டார்.

மறுநாள் கேம்ப் ரோட்டில் சாவி செய்கிறவரிடம் போய் வாசல் கதவுக்கு நான்கு மாற்றுச் சாவி போட்டு வந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். எந்தக் குடித்தனத்துக்கும் செய்கிற வேலைதான் அது. அந்த அக்கா சாவியை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கதவை வெளியிலிருந்து பூட்டினார், திறந்தார், திரும்பவும் பூட்டினார். அப்புறம் முந்தானையில் முடிந்துகொண்டார். இன்றைக்கும் அந்தச் சாவி அங்கேதான் இருக்கிறது.

இரண்டாமவர் அடுப்பைப் பற்றவைக்க மூன்று மாதம் பயந்தார். இப்போது அவர் வைக்கிற வத்தக்குழம்பு மாடிக்கு வருகிறது. இன்னொருவர் பக்கத்துத் தெருவில் ஒரு தையல் கடையில் கொக்கி தைக்கப் போகிறார். நான்காமவர் அதிகம் பேசமாட்டார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். அவர் அப்படி இருப்பதில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். எட்டாவது மாதம் தையல் கடைக்குப் போகிறவருக்கு மூன்று நாள் தூக்கமில்லை, குளிக்கவில்லை, தனக்குத்தானே பேச ஆரம்பித்துவிட்டார். கூடத் தங்கியிருக்கிற பெண் நர்ஸ் இல்லை. பத்தாவது படித்தவர், இந்த வேலைக்கென்று பயிற்சி பெற்றவர். முதல் ராத்திரியே கவனித்து, மறுநாள் டாக்டரிடம் போனில் பேசி, ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். மருந்தை மாற்றினார்கள். பத்து நாள் கழித்து அவர் தன் வீட்டுக்கு, தன் கட்டிலுக்குத் திரும்பி வந்தார். அந்தப் பெண் மட்டும் கூட இல்லாவிட்டால் அவர் தெருவுக்குப் போயிருப்பார், இல்லையென்றால் வார்டுக்கே திரும்பியிருப்பார். இந்த ஏற்பாட்டின் உயிர் அந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்ததும் அதற்காகத்தான்.

வருகிற மார்ச்சோடு நன்கொடையாளர் கொடுத்த பணம் முடிகிறது. மூன்று வருஷத்துக்கென்று கொடுத்தார்கள், வருஷம் முடியப் போகிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், இவ்வளவு நாள் கொடுத்ததே பெரிது. ஆனால் நான்கு பேரின் வீடு இன்னொருவருடைய மூன்று வருஷத் திட்டத்தில் தொங்கிக்கொண்டிருப்பது என்ன நியாயம்? வாடகையைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உதவியாளர் சம்பளம், நான்கு பேரின் சாப்பாடு, மருந்து, கரண்ட் பில் இவற்றை என் பென்ஷனில் தாங்க முடியாது.

இது தர்மமாகக் கேட்கிற காரியமும் இல்லை, சட்டமே இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவை என் மகன் படித்துக் காட்டினான். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் யாரையும் மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது அது. சிலர் சேர்ந்து வாழ்கிற குழு இல்லங்களையும், மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவில் கொஞ்ச காலம் தங்குகிற இடைநிலை இல்லங்களையும் அரசு அமைக்க வேண்டும், அல்லது அமைக்கிறவர்களுக்குத் துணை நிற்க வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம். அதற்குப் பிறகு எத்தனை பட்ஜெட் போய்விட்டது.

வழி தெரியாத விஷயமும் இல்லை. சென்னையில் 1993இல் தொடங்கிய 'பேனியன்' அமைப்பு 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்ற பெயரில், இப்படித் தேறியவர்களில் நான்கைந்து பேரை ஊருக்குள் சாதாரண வாடகை வீடுகளில் உதவியாளரோடு குடிவைத்து வருகிறது. நம் ஊரில் பிறந்த அந்த முறை கேரளம், அசாம் வரை போயிருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு இதே தாம்பரத்தில் தோழி விடுதி நடத்துகிற அரசுக்கு, நான்கு பேருக்கு ஒரு வீடு பிடித்துக் கொடுப்பது பெரிய காரியமா?

ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை நாம் மறந்துவிடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கே மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். சங்கிலியில் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அன்று நான் எக்ஸ்சேஞ்சில் பணியில் இருந்தேன். ராமநாதபுரத்துக்கு வந்துகொண்டே இருந்த அழைப்புகள் இன்னும் காதில் இருக்கின்றன. வைத்துப் பார்க்க முடியாத குடும்பங்களுக்கு வேறு இடம் இல்லாததால்தானே அந்த மாதிரிக் கொட்டகைகள் முளைத்தன? அந்தக் காப்பகங்களை மூடினார்கள், சரி. ஆனால் வீட்டில் முடியாதவர்களுக்கு ஒரு வீடு என்ற பாதி வேலை அப்படியே நிற்கிறது.

அரசிடம் நான் கேட்பது இதுதான். குழு இல்லத்தின் வாடகைக்கும் உதவியாளர் சம்பளத்துக்கும் ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட்டில் நிரந்தரமாகப் பணம் ஒதுக்குங்கள். பெரிய கட்டடம் எதுவும் கட்ட வேண்டாம். 200 பேரை ஒரே இடத்தில் வைத்தால் அதுவும் இன்னொரு வார்டாகிவிடும். பெரும்பாக்கம் போல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் வீடு கட்டுகிற இடங்களில் தரைத்தளத்தில் சில வீடுகளை இவர்களுக்கென்று ஒதுக்கலாம், ஆனால் ஒரே பிளாக்கில் சேர்த்து வைக்காமல் மற்ற குடும்பங்களுக்கு நடுவில் தர வேண்டும். ரேஷன் அட்டை விஷயத்தையும் சரிசெய்ய வேண்டும். நாங்கள் விண்ணப்பிக்கப் போனபோது குடும்பத் தலைவர் யார், மற்றவர்கள் என்ன உறவுமுறை என்ற கேள்வியிலேயே விண்ணப்பம் நின்றுவிட்டது. ஒரே அடுப்பில் சமைத்து ஒன்றாகச் சாப்பிடுகிற நான்கு பேருக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

தெருக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் மாதம் நான்கு பேர் சேர்ந்து வந்து, குழந்தைகள் விளையாடுகிற தெரு என்று சத்தம் போட்டார்கள். அதில் இரண்டு பேர் இப்போது பொங்கலுக்குக் கரும்பு கொண்டு வந்து கொடுக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மா இன்னும் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை, அவரவர் மனது மாற நாளாகும்.

நம் சட்டமன்ற உறுப்பினரோ, துறை அதிகாரிகளோ பட்ஜெட் போடுவதற்கு முன்னால் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த நாளானாலும் நான் மாடியில் இருப்பேன். ஆனால் கீழே போக நான் அனுமதி தர முடியாது. அழைப்பு மணியை அடித்து, அந்த அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர் ஒருவர்
(குடியிருப்பவர்களின் நிம்மதிக்காகப் பெயர் தரவில்லை)
சேலையூர், சென்னை-73