எல்லைப்புறத் தமிழ்வழிப் பள்ளிகள்: ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் உண்மையான பொறுப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஆகிய ஊர்களைச் சுற்றி இயங்கும் தமிழ்வழிப் பள்ளிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. புதிய கட்டடம் திறந்தால் ஒரு படம் வருகிறது. ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தால் ஒரு கண்டன அறிக்கை வருகிறது. இரண்டும் வேண்டியவையே. ஆனால் கட்டடமும் இருந்து, ஆசிரியர்களும் இருந்து, பள்ளி மட்டும் உயிரோட்டமில்லாமல் நடக்கும் நிலையைப் பற்றி யாரும் எழுதக் காணோம். தமிழ்வழி யு.பி. (நடுநிலை) பள்ளி ஒன்றின் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) செயற்குழுவில் இருப்பவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன்.

கேரளத்துக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக ஒன்றை முதலில் விளக்க வேண்டும். இங்கே ஜூன் மாதத்தில் பள்ளி திறந்த ஆறாம் வேலை நாளில் மாணவர் எண்ணிக்கை கணக்கெடுக்கப்படும். அந்த ஆண்டு அந்தப் பள்ளிக்கு எத்தனை டிவிஷன் (வகுப்புப் பிரிவு), எத்தனை ஆசிரியர் என்பது அந்தக் கணக்கை வைத்தே முடிவாகும். ஒரு டிவிஷன் குறைந்தால் ஓர் ஆசிரியரின் இடம் போகும். எனவே ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் ஆசிரியர்கள் வீடு வீடாகச் சென்று பிள்ளைகளைத் தங்கள் பள்ளியில் சேர்க்கும்படி கேட்கிறார்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் பேருந்து வசதி இருப்பதால், எல்லைக்கு அப்பாலுள்ள ஆங்கிலவழிப் பள்ளிகளின் வண்டிகளும் அதே தெருக்களில் அதே பிள்ளைகளுக்காக வந்து நிற்கின்றன. இந்தப் போட்டியில் பள்ளியைப் பகட்டாகக் காட்டியாக வேண்டிய கட்டாயம் தலைமையாசிரியருக்கு ஏற்படுகிறது. சுவரில் வண்ணம், நுழைவாயிலில் வளைவு, புதிய பிள்ளைகளை வரவேற்கும் பிரவேசனோத்சவ நாளில் பலூன், செண்டை மேளம் எல்லாம் நடக்கின்றன. ஏழாம் வேலை நாள் முதல் பள்ளி பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆர்வத்தோடு கற்பிப்பதும் கற்பதும் நடக்க வேண்டிய மீதமுள்ள பத்து மாதங்களுக்கு எந்தத் தயாரிப்பும் இருப்பதில்லை.

கட்டடமோ அலங்காரமோ பள்ளியின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு நல்ல சான்று உண்டு. மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரும் அவருடைய குழுவினரும் லண்டன் மாநகரின் உட்பகுதியிலிருந்த 12 இடைநிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1979-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான குடும்பப் பின்னணியிலிருந்து வந்த பிள்ளைகளே ஆனாலும், வருகையிலும் நடத்தையிலும் தேர்வு முடிவுகளிலும் பள்ளிக்குப் பள்ளி பெரிய வேறுபாடு இருந்தது. அந்த வேறுபாட்டுக்குக் கட்டடத்தின் வயதோ பள்ளியின் அளவோ காரணமாகத் தெரியவில்லை. ஆசிரியர்கள் பாடத்திட்டத்தைக் கூடித் திட்டமிட்டது, பாடவேளை குறித்த நேரத்தில் தொடங்கியது, தண்டனையைவிடப் பாராட்டு மிகுந்திருந்தது, பிள்ளைகளின் படைப்புகள் சுவர்களில் இடம்பெற்றது, மிகப் பல மாணவர்கள் ஏதாவது ஒரு பொறுப்பில் இருந்தது ஆகியவையே நல்ல பள்ளிகளில் பொதுவாகக் காணப்பட்டன. பெரும்பாலானவை காசு செலவாகாதவை என்பதைச் செயற்குழுக் கூட்டங்களில் நான் சொல்லும்போது சிலர் ஏமாற்றம் அடைவதைக் கண்டிருக்கிறேன். நன்கொடை திரட்டிப் பழகியவர்களுக்குக் காசில்லாத வேலை வேலையாகவே தோன்றுவதில்லை போலும்.

இனி எங்கள் நிலைமைக்கு வருகிறேன். ஆசிரியர்கள் கூடித் திட்டமிடுவதற்குக் கேரளப் பள்ளிகளில் எஸ்.ஆர்.ஜி. (பள்ளி வளக் குழு) கூட்டம் என்ற நல்ல ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. எந்த வகுப்பில் எந்தப் பிள்ளை வாசிப்பில் பின்தங்கியிருக்கிறது, அடுத்த வாரம் எந்தப் பாடத்தை எப்படி நடத்துவது என்று ஆசிரியர்கள் ஒன்றாக அமர்ந்து பேசுவதற்கான கூட்டம் அது. நடைமுறையில் ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கைகளை வாசிப்பதும், எந்த விவரத்தை எந்த இணையதளத்தில் யார் ஏற்றுவது என்று பங்கிடுவதும், யார் எந்தப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது என்று முடிவுசெய்வதுமாக அந்த ஒரு மணி நேரம் கழிந்துவிடுகிறது. மினிட்ஸ் புத்தகத்தில் மட்டும் கற்றல் அடைவு விவாதிக்கப்பட்டதாக அழகான கையெழுத்தில் பதிவாகிறது. மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு கல்வி சாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 27-ஆம் பிரிவில் சொல்கிறது. விவரம் ஏற்றும் வேலை கல்விப் பணியா இல்லையா என்ற வழக்காடலுக்குள் போகாமலே, அது எஸ்.ஆர்.ஜி. நேரத்தைத் தின்கிறது என்பதைக் கண்ணுள்ள எவரும் ஒப்புக்கொள்வர். சுற்றறிக்கைகளை ஆசிரியர் அறையின் பலகையில் ஒட்டிவிட்டு, கூட்டத்தை இரண்டே இரண்டு பிள்ளைகளைப் பற்றிய பேச்சோடு தொடங்குவது என்ற ஒரு வழக்கத்தை ஒரு தலைமையாசிரியர் கொண்டுவந்தால் போதும். அதற்கு யாருடைய ஆணையும் தேவையில்லை.

எல்லைப்புறப் பள்ளிகளுக்கே உரிய இன்னொரு சிக்கல், ஒரே வளாகத்தில் இரண்டு பள்ளிகள் இருப்பதுதான். இருமொழிப் பிரிவுகள் உள்ள பள்ளிகளில் மலையாளப் பிரிவு ஆசிரியர்களும் தமிழ்ப் பிரிவு ஆசிரியர்களும் ஒரே அறையில் அமர்ந்தாலும், பெரும்பாலும் தனித்தனி மேசைகளில் தனித்தனி உலகங்களில் இருக்கிறார்கள். இதில் பகையேதும் இல்லை. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டையும் தென் திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது சித்தூர், தேவிகுளம், பீருமேடு ஆகியவை கேரளத்தில் அமைந்தன. அன்றிலிருந்து இரு மொழியினரும் இங்கே சண்டையின்றி வாழ்ந்துவருகிறோம். அதே ஆண்டு ஏழாவது திருத்தத்தால் அரசமைப்பில் சேர்ந்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்து தர வேண்டும் என்கிறது. அந்த உரிமைக்காக நாம் பேசிய அளவுக்கு, அந்த உரிமையால் அமைந்த வகுப்புக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பேசவில்லை. பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் மலையாளத்திலேயே நடப்பதால் தமிழ்ப் பிரிவு ஆசிரியர்கள் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுவிட்டு வருகிறார்கள் என்பது அவர்களே என்னிடம் சொன்னது. தினக்கூலி அடிப்படையில் வரும் இளம் ஆசிரியர்களின் நிலை இதைவிடச் சிரமமானது. மார்ச் மாதத்தோடு போகப்போகிறவர் என்பதால் அவரிடம் எந்த மன்றத்தின் பொறுப்பும் தரப்படுவதில்லை. உண்மையில் பிள்ளைகளோடு மிகுதியாக ஒட்டுபவர் அவராகத்தான் இருப்பார்.

சிகாகோ நகரப் பள்ளிகளை ஆராய்ந்த ஆந்தனி பிரைக், பார்பரா ஷ்னைடர் இருவரும் 2002-இல் எழுதியபடி, தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர் ஆகியோருக்கிடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளே முன்னேறும் வாய்ப்பை மிகுதியாகப் பெற்றிருந்தன. மரியாதை, தொழில் திறமை, தனிப்பட்ட அக்கறை, சொன்னதைச் செய்யும் நேர்மை ஆகிய நான்கிலும் ஒருவர் மற்றவரை அன்றாடம் மதிப்பிட்டுக்கொண்டே இருக்கிறார் என்பது அவர்களுடைய விளக்கம். ஒரு தினக்கூலி ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதும், 'டெய்லி வேஜ் டீச்சர்' என்று அழைப்பதும் பிள்ளைகளின் காதில் விழுகிறது என்பதை மறக்கக் கூடாது.

மாணவர் பக்கம் இன்னும் வெளிப்படையானது. எஸ்.எஸ்.எல்.சி. முடிவுகள் வந்த மறுநாள் கொழிஞ்சாம்பாறை சந்திப்பில் நின்றால், எல்லாப் பாடங்களிலும் ஏ பிளஸ் பெற்ற பிள்ளைகளின் படங்கள் ஃபிளெக்ஸ் பலகைகளில் வரிசையாகத் தொங்குவதைப் பார்க்கலாம். அந்தப் பிள்ளைகள் பாராட்டுக்கு உரியவர்களே. ஆனால் அதே பள்ளியில் படித்த மற்றப் பிள்ளைகளுக்கு எந்தச் சுவரிலும் இடமில்லை. ஐந்தாம் வகுப்பிலேயே இது தொடங்கிவிடுகிறது. வகுப்புத் தலைவர், அசெம்பிளியில் உறுதிமொழி வாசிப்பவர், வரும் விருந்தினருக்குப் பூங்கொத்துத் தருபவர் எல்லாம் நன்றாகப் படிக்கும் அதே நான்கைந்து பேர். பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் தமிழ்ச் செய்யுள் சொல்லுதலும் தமிழ்ப் பேச்சும் போட்டிகளாக இருப்பது நமக்குப் பெருமை. 1957 முதல் நடந்துவரும் அவ்விழா கேரளத்தின் பெரிய சாதனைகளுள் ஒன்று. ஆயினும் வட்டார அளவில் வெல்லக்கூடிய ஒரே பிள்ளைக்கு மாதக்கணக்கில் பயிற்சி தந்துவிட்டு, வகுப்பில் மீதமுள்ளவர்கள் ஆண்டு முழுவதும் ஒரு பாட்டைக்கூட உரக்கச் சொல்லாமல் போவது எந்த வகையில் பெருமை?

பள்ளிப் பாராளுமன்றத் தேர்தலைப் பாருங்கள். வேட்புமனு, சின்னம், பிரசாரம், விரலில் மை என்று அனைத்தும் முறையாக நடக்கின்றன. பதவியேற்பு முடிந்த பின் அந்தப் பாராளுமன்றத்துக்கு முடிவு செய்ய ஒரு பொருளும் இருப்பதில்லை. பிள்ளைகள் இதை விரைவில் புரிந்துகொள்கிறார்கள். ஜனநாயகம் என்பது ஒரு நாள் கூத்து என்ற பாடத்தை நாமே கற்றுக்கொடுத்துவிட்டு, பெரியவர்களானதும் அவர்கள் பொது வேலைக்கு வருவதில்லை என்று அங்கலாய்க்கிறோம்.

எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் நூலக அலமாரியின் சாவியை ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தார்கள். அதுவரை நூல்கள் தொலைந்துவிடும் என்ற அச்சத்தில் அலமாரி பூட்டியே இருந்தது. மதிய உணவுக்குப் பின் இரண்டு பிள்ளைகள் பதிவேட்டோடு அமர்ந்து புத்தகம் வழங்க வேண்டும். வாரந்தோறும் ஆள் மாறும். படிப்பில் முன்னிற்பவர், பின்னிற்பவர் என்ற பாகுபாடு இல்லாமல் வருகைப் பதிவேட்டின் வரிசைப்படியே முறை வரும். சில புத்தகங்கள் கிழிந்தன, சில திரும்பவில்லை. அதைப் பற்றியும் பிள்ளைகளே கூடிப் பேசி, திருப்பித் தராதவரின் வீட்டுக்கு இருவர் போய்க் கேட்பது என்று முடிவு செய்தார்கள். வாசிக்கத் திணறிய ஒரு பையன் தன் முறை வந்த வாரத்தில் புத்தகத் தலைப்புகளைப் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்ததால், முந்தைய வாரமே ஆசிரியையிடம் வந்து தலைப்புகளை எழுதிப் பழகினான் என்று அந்த ஆசிரியை சொன்னார். அந்தப் பையனைத் தனி வகுப்பில் உட்காரவைத்துப் பல முறை முயன்றும் நடக்காதது அது. விளையாட்டுப் பொருள்கள், மதிய உணவு வரிசை, கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று நாள்தோறும் பார்த்துத் தலைமையாசிரியரிடம் சொல்லும் வேலை ஆகியவற்றையும் இப்படியே ஒப்படைக்கலாம். பிள்ளைகளை வேலை வாங்குவதாகச் சில பெற்றோர் குறை சொல்வார்கள். கழிவறையைக் கழுவச் சொல்வதற்கும், அதன் நிலையைப் பற்றிக் கேள்வி கேட்கும் அதிகாரத்தைத் தருவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது பி.டி.ஏ.வின் கடமை.

பெற்றோரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவர்களில் பெரும்பாலோர் தென்னந்தோப்பிலும் முதலமடை மாந்தோப்புகளிலும் கூலி வேலை செய்பவர்கள். வேலை நாளில் பிற்பகல் இரண்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு அவர்களுக்கு அக்கறையில்லை என்று சொல்வது நியாயமாகாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்வது கையெழுத்துக்காக மட்டும் இருக்க முடியாது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அக்குழுவின் முக்கிய வேலைகளுள் ஒன்று. காமராசர் ஆட்சியில் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தியபோது, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளும் தங்கள் ஊர்ப் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று பட்டியலிட்டு, தங்களால் இயன்றதைத் தாங்களே கொடுத்தார்கள். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்தால் எங்கள் ஊர்த் தாய்மாரும் வருவார்கள்.

இரண்டு அரசுகளிடமும் ஒவ்வொரு வேண்டுகோள் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை 2022-இல் தொடங்கிய 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' ஆகிய சிறார் இதழ்களையும், ஆசிரியர்களுக்கான 'கனவு ஆசிரியர்' இதழையும் கேரளத்தின் தமிழ்வழிப் பள்ளிகளுக்கும் அனுப்ப வழி செய்ய வேண்டும். எங்கள் பிள்ளைகள் எழுதுவதையும் வரைவதையும் அவற்றில் ஏற்க வேண்டும். தன் பெயரை அச்சில் பார்த்த பிள்ளை அடுத்த கட்டுரையை யாரும் சொல்லாமலே எழுதும். கேரளக் கல்வித்துறை தமிழ்ப் பிரிவு ஆசிரியர்களுக்கான பயிற்சிகளைச் சித்தூர் வட்டத்திலேயே தமிழில் நடத்த வேண்டும். அந்தப் பயிற்சிகளுக்குத் தினக்கூலி ஆசிரியர்களையும் அழைக்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் ஜூன் மாதத்தில் பிரவேசனோத்சவப் படங்களை வெளியிடும் தங்கள் செய்தியாளர், நவம்பர் மாதத்தில் ஒரு முறை அதே பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றி வந்து, நூலக அலமாரி திறந்திருக்கிறதா, பள்ளிப் பாராளுமன்றம் கடைசியாக எப்போது கூடியது, எஸ்.ஆர்.ஜி.யில் என்ன பேசினார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். எங்கள் பள்ளியிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
பி.டி.ஏ. செயற்குழு உறுப்பினர் ஒருவர்,
வடகரப்பதி, பாலக்காடு மாவட்டம்.